தாமதமாக வரும் பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பது?

குன்னூரில் பஸ்ஸைத் தவறவிட்டு, பனியில் நனைந்த ஸ்வெட்டரோடு பத்தாம் வகுப்பு மகன் கோத்தகிரி வீட்டு வாசலில் நிற்கிறானா? உடனே பாயாதீர்கள். சூடாக ஒரு டம்ளர் தேநீர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். கேட்காமலும் விட்டுவிடாதீர்கள். 'ஆறு மணிக்குள் வீடு' என்ற விதி அப்படியே இருக்கட்டும். இருட்டினால் தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்கும் என்ற காரணத்தையும் சொல்லுங்கள்.

அடக்கி வளர்ப்பது, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது, கண்டிப்போடு காதுகொடுத்தும் வளர்ப்பது என 1960களில் வகைப்படுத்தினார் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். மூன்றாவது வகைப் பிள்ளைகளிடம்தான் தன்னம்பிக்கையும் பொறுப்பும் கூடுதலாகத் தென்பட்டன. நானும் முன்பு அதட்டியவள்தான். அதில் எனக்குக் கிடைத்தவை மகனின் பொய்கள் மட்டுமே.

வயது ஏற ஏற அரை மணி நேரம் கூட்டிக் கொடுக்கலாம். எப்போது என்பதை அவனோடு உட்கார்ந்தே முடிவு செய்யுங்கள்.