ஒரு கோடு தின்ற மூன்று கிழமை

பரந்தனில வீட்டு முத்தத்தில விட்ட ஓட்டோ விடிய இல்லை. முழுக் காப்புறுதி இருந்தது. மூன்றாந்தரப்பு எண்டால் களவுக்குச் சதமும் வராது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ரெண்டு திறப்பு, வாகனப் பதிவுப் புத்தகம் எல்லாம் குடுத்தும், 'செசி நம்பர் பொருந்தேல்லை' எண்டு காப்புறுதிக் கொம்பனிக்காரர் திருப்பிவிட்டாங்கள். செசி நம்பர் எண்டால் வண்டிச் சட்டத்தில அடிச்சிருக்கிற அடையாள நம்பர். வேற பிரதி எடுத்துக் குடுத்தன், தவணைக்கு ஓட்டோ தந்த லீசிங்காரரிட்டையும் அலைஞ்சன். வீண்.

கடைசியா அடிமட்டம் வைச்சு ஒவ்வொரு எழுத்தாப் பார்த்தன். முறைப்பாடு சிங்களம், நம்பர் மட்டும் வாசிக்கலாம். பதினோராவது இடத்தில 1க்கு மேலும் கீழும் கோடு போட்டு ஆங்கில 'ஐ' ஆக்கியிருந்தது. 17 இலக்கச் செசி நம்பரில ஐ, ஓ, கியூ வரவே வராது! பொலிசில புத்தகத்தைக் காட்டி மேலதிக வாக்குமூலம் பதிஞ்சு, அந்தப் பிரதியைக் குடுத்தன். ஒன்பதாம் நாள் காசோலை வந்தது. அப்பாடா. ஓட்டோ இன்னும் வரேல்லை.