முறிந்த ஸ்டட்டை எடுக்கப்போய் சிலிண்டர் ஹெட்டைக் கெடுத்துக்கொள்ளும் தவறுகள்

1983-இல் சாலைக்கு வந்த மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினில், சிலிண்டர்கள் அமைந்த அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது, அதன் மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் எஃகு ஸ்டட்டுகள் (தலையில்லாத, மரையிட்ட தண்டுகள்) அந்த அலுமினியத்துக்குள்தான் திருகப்பட்டிருக்கின்றன. பல ஆண்டுகள் சூடேறியும் ஆறியும் துருவேறிய ஸ்டட், இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றுவதற்காக நட்டைக் கழற்றும்போது ஹெட்டின் முகத்தோடு முகமாக முறிந்துபோவது, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் ஒருமுறையாவது பட்டிருக்கக்கூடிய தொல்லை. அந்தச் சிறு துண்டை எடுக்கும் அவசரத்தில் ஹெட்டையே லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

முதல் தவறு, அது எதனால் முறிந்தது என்று பார்க்காமலே கருவியைக் கையில் எடுப்பது. இறுக்கும்போது அளவு மீறித் திருகியதால் முறிந்த போல்ட்டின் மரை பெரும்பாலும் இறுகியிருக்காது. தலை போனதும் அதன் மேல் இருந்த இழுவிசையும் போய்விடுவதால், ஓரத்தில் பஞ்ச்சை வைத்து மெல்லத் தட்டினாலே மீதித் துண்டு சுழன்று வந்துவிடலாம். கழற்றும்போது முறிந்ததோ வேறு வகை. அங்கே துரு மரையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி தளராமல் எந்தக் கருவியும் பயன்படாது.

இந்த இரண்டாம் வகையில்தான் ‘ஈஸி அவுட்’ எனப்படும் எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த துண்டில் துளை போட்டு, அதற்குள் இறக்கித் திருகி எடுக்கும் கருவி) பலரையும் ஏமாற்றுகிறது. முழுத் தடிமனுள்ள ஸ்டட்டே தாங்காமல் முறிந்த முறுக்கு விசையை, அதன் நடுவில் போட்ட துளைக்குள் நுழையும் மெல்லிய கருவி எப்படித் தாங்கும்? மேலும், கூம்பாக இருக்கும் எக்ஸ்ட்ராக்டரை அடித்து இறக்க இறக்க, துளையிட்ட ஸ்டட் வெளிப்புறமாக விரிந்து மரையை இன்னும் இறுக்குகிறது. கடைசியில் எக்ஸ்ட்ராக்டரே உள்ளே முறிந்துவிட்டால், அது கடினப்படுத்தப்பட்ட எஃகு என்பதால் சாதாரண ட்ரில் பிட் அதில் இறங்காது. கார்பைட் பிட்டையோ மின்பொறியால் அரிக்கும் இயந்திரத்தையோ தேடிப் போக வேண்டியிருக்கும். ‘ஈஸி’ என்று பெயர் வைத்தவர் இதைக் கைகொண்டு செய்து பார்த்தவராக இருக்க முடியாது.

துளையிடுவதென்று முடிவு செய்தபின் நேரும் தவறு, முறிந்த முகத்தைச் சமன் செய்யாமல் தொடங்குவது. மேடுபள்ளமான முகத்தில் பிட் வழுக்கி, எஃகை விட்டு மென்மையான அலுமினியத்தின் பக்கம் ஒதுங்கிவிடும். 8 மில்லிமீட்டர் தடிமனும் 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட ஸ்டட்டில், மரையைத் தவிர்த்த உள்தண்டு சுமார் 6.5 மில்லிமீட்டர்தான், துளையை அந்த அளவுக்குப் பெரிதாக்கும்போது அது அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் ஒரு பக்கத்து மரை சேதமாகிவிடும். முகத்தை ராவிச் சமன் செய்து, நட்டநடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, 3 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி, குறைந்த வேகத்தில் எண்ணெய் விட்டுத் துளைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சுழலும் இடதுகைப் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். துளைக்கும்போதே துண்டு கழன்று வருவதும் உண்டு. ஸ்டட்டின் நீளத்தை முன்பே அளந்து, அந்த ஆழத்துக்கு அடையாளமாகப் பிட்டில் ஒட்டு டேப் சுற்றிக்கொள்ளாமல் துளைப்பது, சில எஞ்சின்களில் தண்ணீர்ப் பாதைக்குள்ளேயே துளை போட்டுவிடும்.

என் கணிப்பில், துருப்பிடித்த ஸ்டட்டுக்கு மிக நம்பகமான வழி நட்டு வைத்து வெல்டிங் செய்வதுதான். முறிந்த முகத்தின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக வெல்டு செய்தால், பிடித்துத் திருக ஒரு தலையும் கிடைக்கிறது, மரை வரைக்கும் சூடும் இறங்குகிறது. வெல்டு செய்த சூட்டிலேயே ஸ்பேனரைப் போட்டு இழுப்பது இங்கே நடக்கும் தவறு. சற்று ஆறவிட்டு, அரைக்கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்து, இடையிடையே எண்ணெய் விட்டுக் கழற்ற வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பையும் கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயையும் கழற்றி ஒதுக்காமல் விடுவது ஆபத்து. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு செய்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும்.

கேஸ் டார்ச்சால் சூடேற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஃகைப் போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, நிறம் மாறாமலே உருகிவிடும். அதே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டை மிதமாகச் சூடாக்கினாலே பிடி தளரும்.

ஹெட்டில் புகை வெளியேறும் திறப்புகளான போர்ட்டுகளைத் துணியால் அடைக்காமல் துளையிட்டால் துகள்கள் சிலிண்டருக்குள் போய்விடும். அலுமினியத் துகளைக் காந்தம் பிடிக்காது.

துண்டு வெளிவந்த நிம்மதியில், துளையைச் சுத்தம் செய்யாமல் புதிய ஸ்டட்டைத் திருகுபவர்களும் உண்டு. அடிப்பக்கம் அடைபட்ட துளையில் எண்ணெய் தேங்கியிருந்தால், திருகத் திருக அது வெளியேற வழியின்றி அழுத்தமேறி ஹெட்டில் விரிசல் விழச் செய்யக்கூடும். எண்ணெயைக் காற்றடித்து முழுவதும் வெளியேற்றி, மரை வெட்டும் கருவியான ‘டேப்’பைக் கையால் விட்டு மரையைத் துலக்கி, மரை மறுபடி இறுகிப்போகாமல் தடுக்கும், சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிய படலமாகத் தடவியபின் ஸ்டட்டைப் பொருத்துங்கள்.