பூட்ஸ் கொப்புளத்துக்கு இரண்டு ஜோடி சாக்ஸ்

ராணுவ ரிசர்வ் படையில் புதிதாகச் சேர்ந்து அடிப்படைப் பயிற்சிக்குப் போகிறவர்கள், முதலில் ஒரு மெல்லிய நைலான் சாக்ஸ், அதன்மேல் தடித்த கம்பளி சாக்ஸ் போட்டு, பூட்ஸோடு இப்போதே நடந்து பழகுங்கள். கொப்புளம் வருவது உரசலால்தான். வியர்வை ஈரம் அதைக் கூட்டிவிடும். இரண்டு சாக்ஸ் இருந்தால் உரசலில் பெரும்பகுதி அவற்றுக்கு இடையிலேயே நடந்துவிடுகிறது, தோல் தப்பிக்கிறது. பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பூட்ஸ் ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் இது சரிவராது. விரல்கள் நசுங்கி வலிதான் மிஞ்சும். பூட்ஸை முகாமில்தான் தருவார்கள் என்றால் சாக்ஸை மட்டும் எடுத்துப் போகலாம், கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதற்குத் தடை இல்லையென்றால்.