நனைக்காத கேன்வாஸ்: கையால் கோட் தைக்கப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

என்னிடம் கோட் தைக்கப் பழக வந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேருமே சட்டை, பேண்ட் நன்றாகத் தைக்கிறவர்கள். போன மாதம் இரண்டு பேரும் கோட்டுக்குள் வைக்கிற கேன்வாஸ் துணியை ரோலிலிருந்து உருவி, அப்படியே மேசையில் விரித்து, பேட்டர்னை வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்கள். 20 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். அன்றைக்கு ராத்திரியே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அளவு தப்பாக எடுப்பது, நூல் பார்க்காமல் வெட்டுவது போன்றவற்றில் சட்டை தைக்கும்போதே அடிபட்டுத் திருந்தியிருப்பீர்கள். அவற்றுக்குள் போகவில்லை.

கேன்வாஸை நனைக்காமல் வெட்டுவது

கோட்டின் மார்பு நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் கேன்வாஸ். பாவு, அதாவது நீளவாக்கு நூல், பெரும்பாலும் பருத்தி. ஊடையில், அதாவது குறுக்கு நூலில், ஆட்டு முடியோ குதிரைவால் முடியோ போகும். அதனால்தான் அது குறுக்கே துள்ளி நிற்கிறது, நீளவாக்கில் உடம்போடு வளைகிறது. தறியில் இழுத்துக் கட்டி நெய்த பாவு, முதல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்கும். அந்த முதல் தண்ணீர் எப்போது படவேண்டும் என்பதுதான் விஷயம்.

லேப்பலில் (காலருக்குக் கீழே மார்பில் மடிந்து கிடக்கும் பகுதி) பேடிங் தையலாலும் (கேன்வாஸைத் துணியோடு பிடிக்கும் சின்னச் சாய்வுத் தையல்), ஓரத்தில் டேப்பாலும், கைக்குழியிலும் பாக்கெட்டிலும் கைத்தையலாலும் கேன்வாஸை மேல் துணியோடு பிடித்துவிடுகிறோம். பிடித்த பிறகு உள்ளே கேன்வாஸ் மட்டும் சுருங்கினால் மேல் துணிக்குப் போக இடமில்லை. நடுவில் பொம்மிக்கொண்டு நிற்கும்.

நான் தைத்த இரண்டாவது கோட் ஒரு நண்பரின் தம்பி கல்யாணத்துக்கு. கருநீலக் கம்பளித் துணி, கொடுக்கும்போது மார்பில் ஒரு மடிப்பு கிடையாது. மே மாதம், சாயங்கால வரவேற்பு. வீடியோ விளக்குச் சூட்டில் மாப்பிள்ளை 3 மணி நேரம் மேடையில் நின்றார். வியர்வை சட்டையைத் தாண்டிக் கேன்வாஸ் வரை இறங்கியிருக்கிறது. மறுவாரம் கோட் என் கைக்கு வந்தபோது இடது மார்பு, ஆறின பாலின் ஆடை மாதிரி சுருக்கம் விழுந்து கிடந்தது. தேய்த்துப் பார்த்தேன். நீராவி பட்டதும் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

வெளியிலிருந்து இதற்கு வைத்தியம் கிடையாது. லைனிங்கைப் பிரித்து, காலரை எடுத்து, கைகளைக் கழற்றி, கேன்வாஸை உருவிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். கோட் தைப்பதற்குப் பேர்போன லண்டன் சேவில் ரோ தெருவில் ஒரு முழு சூட்டுக்கே குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு கோட்டைப் பிரித்துத் திரும்பத் தைக்க மட்டும் 11 ராத்திரி ஆயிற்று. அப்படியும் லேப்பலில் பழைய ஊசித் தடம் போகவில்லை.

இத்தனைக்கும் தேவைப்பட்டது ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு நாளும். கேன்வாஸைப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். பிழியாதீர்கள், கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடவும் கூடாது, பாவு கோணிக்கொள்ளும். நிழலில் பாயின் மேல் பரப்பி, முக்கால் பாகம் காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் நனைக்கும் முன் சிவப்பு நூலால் 20 அங்குலத்துக்கு இரண்டு அடையாளம் போட்டு, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். என் மேசையில் அரை அங்குலம் காணாமல் போயிருக்கிறது. ஒரு பக்க மார்பில் அரை அங்குலம் என்பது சின்ன விஷயமா?

“டிரை கிளீன்தானே பண்ணுவாங்க, தண்ணி எங்க மாஸ்டர் படப்போகுது?” என்று பழக வந்த இரண்டு பேரில் ஒருவன் கேட்டான். ஒவ்வொரு வருடமும் யாராவது இதைக் கேட்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. அயர்ன் பாக்ஸிலிருந்து வருவது தண்ணீர்தானே? சென்னையில் கோட் போட்டு நிற்பவர் முதுகில் வழிவது வேறென்ன?

அப்புறம் டேப். லேப்பல் மடிப்பிலும் முன் ஓரத்திலும் வைக்கிற பருத்தி டேப்பையும் அதே பக்கெட்டில் போடுங்கள். கேன்வாஸை ஒழுங்காக நனைத்துவிட்டு டேப்பை மறந்த கோட் ஒன்றும் என் கணக்கில் உண்டு. ஓரம் முழுக்க அலை அலையாக இழுத்துக்கொண்டது. மேல் துணியையும் வெட்டுவதற்கு முன் ஈரத்துணி போட்டு நீராவி காட்டிவிட வேண்டும். சுருங்க வேண்டியதெல்லாம் கத்தரி படுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும்.

கை தூக்க முடியவில்லை என்று கைக்குழியை இறக்குவது

ட்ரையலில் கை பிடிக்கிறது என்றதும் கத்தரியை எடுத்து அக்குளில் இன்னும் வெட்டுகிறார்கள். குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது கோட்டும் சேர்ந்து மேலே ஏறும். அக்குளுக்கு அருகில் உயரமாக நிற்கிற குழிதான் கையை விடும். வெட்டின துணி திரும்பி வராது. பிடிப்பது பெரும்பாலும் முதுகு அகலம் போதாததால் இருக்கும். அதற்குத்தான் பக்கத் தையலில் 1 அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்கிறோம்.

கையின் மேல் வளைவு கைக்குழியைவிட ஒன்றரை அங்குலம் போலப் பெரிதாக இருப்பதைப் பார்த்து, தப்பு என்று வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. அது தப்பில்லை. அந்தக் கூடுதலைச் சின்ன ஓட்டுத் தையலால் சேர்த்து, நீராவியில் அமுக்கினால்தான் தோளில் உருண்டை வரும்.

லேப்பலை மேசையில் தட்டையாக வைத்துத் தைப்பது

பேடிங் தையல் போடும்போது லேப்பல் உங்கள் இடது கை விரல்மேல் வளைந்து கிடக்க வேண்டும். அந்த வளைவைத்தான் தையல் பூட்டுகிறது. தட்டையாக வைத்துத் தைத்த லேப்பலை எவ்வளவு தேய்த்தாலும் உருளாது. ஊசி மேல் துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் எடுக்கட்டும்.

அயர்ன் பாக்ஸை இழுப்பது

கம்பளியில் இழுக்காதீர்கள். வையுங்கள், எடுங்கள், ஆறவிடுங்கள்.

நீளமான நூல்

முழங்கை அளவு போதும். தேன்மெழுகு தடவுங்கள்.

முதல் காஜாவைக் கோட்டிலேயே போடுவது

அதே துணியின் வெட்டுத்துண்டில், உள்ளே கேன்வாஸும் வைத்து, 30 காஜா போட்டுவிட்டு வாருங்கள். ஆண்கள் கோட்டில் காஜா இடப்பக்கம்.