டைமிங் பெல்ட்: கிலோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது

ராமநாதபுரத்தில் பட்டறை நடத்தும் நான், தொழில் பழக வரும் இளைஞர்கள் டைமிங் பெல்ட் விஷயத்தில் ஒரே மாதிரியான இடங்களில் சறுக்குவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நட்டை முறுக்காமல் விடுவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு திட்டில் திருந்திவிடும்.

ஓடோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு சொல்வது

பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைத்து, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூடச் செய்வது இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அது அறுந்தால், பல என்ஜின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும்.

வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்க, விடுப்பில் வரும்போது மட்டும் நெடுந்தூரம் ஓடும் கார்கள் கீழக்கரையில் பல உண்டு. 8 ஆண்டுகளில் 30,000 கிலோமீட்டரைக்கூடத் தொடாத அத்தகைய ஒரு வண்டியை, நான் வெளியே போயிருந்த நேரத்தில், பட்டறைப் பையன் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வெடிப்பே இல்லண்ணே, பாதிகூட ஓடல" என்று சொல்லி அனுப்பியிருந்தான். மறுவாரம் மதுரை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், பரமக்குடியைத் தாண்டியதும் என்ஜின் அணைந்தது. விமானமும் போனது, என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மாற்றும் செலவும் வந்து சேர்ந்தது.

வண்டி நிழலில் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அதனால்தான் சர்வீஸ் புத்தகங்கள் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்து, எது முந்துகிறதோ அதைக் கொள்ளச் சொல்கின்றன. அந்த இரண்டாவது கணக்கை ஏன் ஒருவரும் படிப்பதில்லை என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. இக்காலப் பெல்ட்டுகள் பல, வெளியே ஒரு வெடிப்பும் காட்டாமலே உள்நார் தளர்ந்து அறுபடுகின்றன என்பதால், கண்ணால் பார்த்துச் சான்று தருவதில் பொருளில்லை.

தனுஷ்கோடி வாடகை வண்டிகளின் கதை வேறு. அரிச்சல்முனையில் பயணிகள் திரும்பும்வரை ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கும் வண்டியில், மீட்டர் அசையாவிட்டாலும் பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அவற்றுக்குப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுமாறு நான் சொல்கிறேன்.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அதை வழிநடத்தும் ஐட்லர் உருளையும் பழையவையாக இருந்தால் புதுப் பெல்ட்டுக்கு உத்தரவாதம் இல்லை. நம் உப்புக்காற்றில் அவற்றின் பேரிங் துருப்பிடித்து இறுகினால் பெல்ட்டின் பற்கள் உரிந்துவிடும். அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனென்றால் பின்னால் அது ஒழுகினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க நேரும்.

பெல்ட்டா, செயினா என்று பாராமல் பேசுவது

சில என்ஜின்களில் இதே வேலையைப் பெல்ட்டுக்குப் பதில் உலோகச் செயின் செய்யும்: ஸ்விஃப்டின் பழைய 1.3 லிட்டர் டீசலில் செயின், டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலில் பெல்ட்.

அறுந்த பிறகு தள்ளி ஸ்டார்ட் செய்வது

கூடவே கூடாது.

"மாத்தியாச்சு" என்ற வாய்ச்சொல்லை ஏற்பது

பழைய கார் வாங்கும்போது, தேதியும் கிலோமீட்டரும் குறித்த பில் இல்லையென்றால், பெல்ட்டை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.