பழைய ராணுவ ஜிப்சியும் நம்ம ஊர் மணலும்

ராணுவம் கழித்துவிட்ட மாருதி ஜிப்சி ஜீப்பை ஏலக்காரர்களிடம் பிடித்து ஓட்டும் ஆசை ராமநாதபுரம் பக்கம் பலருக்கு உண்டு. 1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்த வண்டி, அப்புறம் 1.3 லிட்டர் ஆனது. எடை ஒரு டன் அளவுதான். கெடுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது, கெடுப்பது நாம்தான்.

வாங்கியதும் அந்தப் பச்சையை அப்படியே வைத்துக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான்.

அடுத்தது, நான்கு சக்கர இழுவைக்கான லீவரைப் போட்டாலே நான்கு சக்கரமும் இழுக்கும் என்ற நினைப்பு. சேதுக்கரை மணலில் என் மச்சான் வண்டி அப்படித்தான் மாட்டியது. லீவர் போட்டாச்சு, ஆக்ஸிலேட்டரையும் மிதிக்கிறார். பின் சக்கரம் குழி பறிக்கிறது, முன் சக்கரம் சும்மா நிற்கிறது. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்தின் நடுவில், ஹப்பில் இருக்கும் குமிழ் 'ஃப்ரீ'யில், அதாவது சக்கரம் ஆக்ஸிலோடு சேரவே இல்லை. அதை இரண்டு பக்கமும் கையால் 'லாக்' பக்கம் திருப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். அதற்குள் ஆக்ஸில் மணலில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுழன்றாலே காலை எடுத்துவிடுங்கள். மிதிக்க மிதிக்க உள்ளேதான் போகும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 2017-இல் தனுஷ்கோடி கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. முன்பு முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணல்தான், அங்கே நான்கு சக்கர இழுவை தேவைப்பட்டது. இப்போதும் பந்தாவுக்கு லீவரைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடவேண்டும். மணலில் சறுக்கிச் சமாளிக்கும், தாரில் சறுக்க வழியில்லை. அரிச்சல்முனைத் தூணைச் சுற்றும்போது ஸ்டீயரிங் இறுகினால், உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கேறி நிற்கின்றன என்று அர்த்தம்.

மணலில் இறங்குமுன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பது சரி. ஆனால் அதே டயரோடு சீமைக்கருவேல முள் கிடக்கும் தடத்தில் நுழையாதீர்கள். பக்கவாட்டில் முள் ஏறினால் பஞ்சர் கடைக்காரரும் கையை விரிப்பார். காற்றடிக்கும் பம்பு வண்டியிலேயே இருக்கட்டும்.

பாக் ஜலசந்தி ஓரம் காய்ந்து வெள்ளையாகத் தெரியும் உப்புத்தரையை நம்பவேண்டாம். மேலே ஓடு, அடியில் சேறு. முதலில் நடந்து பாருங்கள், குதிகால் புதைந்தால் வண்டியும் புதையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடற்கரை மணலுக்குள் ஆமை முட்டை இருக்கும், அந்தப் பக்கமே இறங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது வீட்டுக்கு வந்தபின் செய்கிற தவறில்தான். அடிப்பக்கம் கழுவ வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கழுவுவது எதில்? போர் தண்ணியில். நம் பக்கத்தில் பல இடங்களில் அதுவே உப்பு! கடல் உப்பைக் கிணற்று உப்பால் கழுவி, அப்படியே ஷெட்டில் நிறுத்துகிறோம். இரண்டு குடம் நல்ல தண்ணீர் செலவானாலும் பரவாயில்லை, கடைசி அலசலாவது அதில் இருக்கட்டும். ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, சேசிஸின் உள்பக்கம், மட்கார்டு மடிப்பு, இங்கேதான் மணலும் ஈரமும் தங்கும். காயவிட்டுத்தான் கிரீஸ்.

இந்தக் கரையில் ஓடிய வண்டியை விலை பேசினால் ஒரு சின்னச் சுத்தியல் கொண்டுபோங்கள். சேசிஸைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'டப்' என்று கேட்டால், புது பெயிண்டுக்கு அடியில் துருதான் வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.