‘ஒரு பல்லுக்கு எவ்வளவுங்க?’: இம்ப்ளான்ட் விலையில் ஏமாறும் இடங்கள்

எங்கள் அப்பாவுக்குக் கீழ்வரிசையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறவர். இடப்பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டிவிட்டார். போன வருடம் ஒரு கறி விருந்தில் பள்ளிபாளையம் சிக்கனில் கிடந்த தேங்காய்ச் சில்லைக் கடித்து அந்த இடப்பக்கமும் வலியெடுத்த பிறகுதான் சரி, போன பல்லுக்குப் பதில் தாடை எலும்பில் பதிக்கிற இம்ப்ளான்ட் போட்டுவிடலாம் என்று இறங்கிவந்தார்.

ஈரோட்டிலும் கோவையிலுமாக மூன்று இடத்துக்கு போன் போட்டு, ஒரே கேள்விதான் கேட்டார்: “ஏனுங்க, ஒரு பல்லுக்கு எவ்வளவுங்க?” பதில்களை ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில் குறித்து வைத்திருந்தார். 22. 35. 48. எல்லாம் ஆயிரத்தில். “இருவத்திரண்டுக்கே போயரலாம் கண்ணு, எல்லாம் ஒரே ஸ்குரூதான?” என்றார்.

தோட்டத்தில் மூன்று முறை போர்வெல் போட்ட மனிதர் இவர். அடி ரேட்டை மட்டும் கேட்டுவிட்டு ரிக் வண்டியை வரச்சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழம் போகப் போக ரேட் ஏறும், மண் சரிந்தால் கேசிங் பைப் தனி, மோட்டார் தனி, கேபிள் தனி. திருச்செங்கோட்டு வண்டிக்காரரிடம் இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்பவர், பல் டாக்டரிடம் மட்டும் ஒற்றை எண்ணோடு போனை வைத்துவிட்டார்.

அடி ரேட்டை மட்டும் கேட்பது

இம்ப்ளான்ட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று பொருள். தாடை எலும்புக்குள் இறங்குவது டைட்டானியம் ஸ்குரூ, பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் குறுக்களவும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். அதன் தலையில் ஏறும் இணைப்புத் துண்டுக்கு அபட்மென்ட் என்று பெயர். அதற்கு மேலே, கண்ணாடியில் நமக்குத் தெரிகிற பல், அதாவது கேப். போனில் சொல்கிற விலை இந்த மூன்றுக்குமா, முதலாவதற்கு மட்டுமா என்பதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. ஸ்குரூ மட்டும் போட்டுக்கொண்டு வந்தால் ஒரு முறுக்கைக்கூடக் கடிக்க முடியாது.

அடுத்த நாள் நான் அதே மூன்று இடத்துக்கும் பேசினேன். 22 என்றது ஸ்குரூவுக்கு மட்டும். அபட்மென்ட் 6, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப் 9, ஸ்கேன் 3, ஆக 40 ஆயிரம். 35 என்ற இடத்தில் அபட்மென்டும் அதே மாதிரி கேப்பும் சேர்த்தி; ஸ்கேனோடு 38. 48 என்ற இடத்தில் எல்லாமே, ஸ்கேன் உட்படச் சேர்த்தி, கேப் ஜிர்கோனியா, அதாவது உள்ளே உலோகம் இல்லாத பீங்கான் வகை. எலும்பு போதாமல் எலும்புத் தூள் வைக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். வரிசையாக 14, 12, 10 என்றார்கள். கூட்டிப் பார்த்தால் 54, 50, 58. பத்திரிகை முதுகில் 22-க்கும் 48-க்கும் நடுவில் 26 ஆயிரமாக இருந்த வித்தியாசம் 4 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. 22 என்று சொன்ன இடத்தில் ஜிர்கோனியா கேப் வேண்டுமென்றால் இன்னும் 5 ஆயிரம் சேரும். அப்போது அதுதான் மூன்றிலும் அதிக விலை.

இது எங்கள் வீட்டுக் கணக்கு. பொதுவாக ஸ்குரூ, அபட்மென்ட், கேப் மூன்றும் சேர்ந்து ஒரு பல்லுக்கு 25,000 முதல் 60,000 ரூபாய் வரை கேள்விப்படலாம். கம்பெனியையும் ஊரையும் டாக்டரையும் பொறுத்து இதற்கு மேலும் போகும்.

தள்ளிப்போடுவது

எலும்புத் தூள் எதற்கு? இதுதான் பலருக்குப் புரியாத செலவு, முதலில் எனக்கும் புரியவில்லை. பல் இருக்கும்வரை அதைச் சுற்றியுள்ள தாடை எலும்புக்கு வேலை இருக்கிறது. பல்லைப் பிடுங்கியதும் அந்த எலும்பு கரையத் தொடங்குகிறது, முதல் சில மாதங்களில்தான் வேகமாக. ஓர் ஆண்டுக்குள் அகலத்தில் ஏறக்குறையப் பாதி போய்விடக்கூடும். 4 மில்லிமீட்டர் ஸ்குரூவை 5 மில்லிமீட்டர் அகல எலும்பில் இறக்கினால் இரண்டு பக்கமும் பிடிமானத்துக்கு என்ன மிஞ்சும்?

35 என்ற இடத்து டாக்டர், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனைத் திரையில் போட்டுத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பக்கத்துப் பல் நிற்கும் இடத்தில் எலும்பு அகலமான வரப்பு மாதிரி இருந்தது. அப்பாவின் பல் போன இடத்தில் மேல்பக்கம் கத்தி முனைபோல ஒடுங்கியிருந்தது. கீழே நரம்பு ஓடும் குழாயைச் சிவப்புக் கோடாக வரைந்து, அதற்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட்டுத்தான் நிறுத்த வேண்டும், நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும் என்றார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அப்ப மண்ணு சரியுதுங்க, கேசிங் இறக்கோணும்ங்கறீங்க” என்றார். டாக்டரும் ஈரோட்டுக்காரர்தான். சிரித்துவிட்டு, “அதேதானுங்க” என்றார்.

ஆறு வருடத் தாமதத்துக்கு அப்பா கொடுத்த வட்டி அந்தப் பன்னிரண்டாயிரம். மேல்வரிசைக் கடைவாய் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே எலும்புக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனபின் எலும்பு உயரமும் குறைந்துவிட்டால், அந்த அறையின் அடிச்சவ்வைத் தூக்கி அடியில் எலும்புத் தூள் நிரப்ப வேண்டும். சைனஸ் லிஃப்ட் என்று பில்லில் ஒரு வரி வந்தால் அது இதுதான். அதற்கென்று தனித் தொகை, கூடுதல் மாதங்கள்.

ஆகவே பல்லைப் பிடுங்கும் அன்றைக்கே, இந்த இடத்தில் பின்னால் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டுவிடுவது நல்லது. சிலருக்குப் பிடுங்கிய குழியிலேயே ஸ்குரூ இறக்க முடியும். சிலருக்குக் குழியை எலும்புத் தூளால் நிரப்பி வைக்கலாம். அதற்கும் முன்னால் ஒன்று: அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா? ரூட் கேனல் செய்து கேப் போட்டுக் காப்பாற்ற முடிகிற பல்லை, ‘எதற்கு வம்பு, எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் போட்டுக்கொள்ளலாம்’ என்று எடுப்பதைவிட வீண்செலவு வேறில்லை என்பேன். சொந்தப் பல்லுக்கு ஈடான ஸ்குரூவை எந்த நாட்டிலும் செய்யவில்லை.

என்ன கம்பெனி என்று தெரியாமல் போட்டுக்கொள்வது

பெரியம்மா பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறான். விலை குறைவு என்று ஓரிடத்தில் போட்டுக்கொண்டான். மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் கேப் ஆட ஆரம்பித்தது. உள்ளே ஒரு சின்னத் திருகு தளர்ந்திருக்கும், முடுக்கினால் சரியாகிவிடும், பெரிய விஷயமே இல்லை. ஆனால் போட்ட இடத்தை அதற்குள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கோவையில் வேறொரு டாக்டரிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த கம்பெனி இம்ப்ளான்ட்?” இவனுக்குத் தெரியாது. பில்லில் ‘இம்ப்ளான்ட் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. எக்ஸ்ரே எடுத்து, மரையின் வடிவத்தை வைத்து யூகித்து, பொருந்தும் திருப்புளியை வரவழைக்க இரண்டு வாரம் ஆயிற்று. முடுக்க ஆன நேரம் ஐந்து நிமிடம்.

ஒரு கம்பெனி அபட்மென்டும் திருகும் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. மோட்டார் வாங்கும்போது ‘ஸ்பேர் கிடைக்குமா’ என்று கேட்கிறோமே, அதே கேள்விதான் இங்கேயும். ஸ்விட்சர்லாந்தின் ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்றவை விலை அதிகம். நீண்டகால ஆய்வுகளும் அவற்றுக்கு நிறைய உண்டு. தென்கொரியாவின் ஆஸ்டெம், டென்டியம், இஸ்ரேலின் எம்ஐஎஸ் போன்றவை நம் பக்கத்தில் பரவலாகப் புழங்குகின்றன, விலையும் குறைவு. எனக்குத் தெரிந்தவரை, விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. பத்து வருடம் கழித்தும் அதன் பாகம் கிடைக்குமா என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு ஸ்குரூ டப்பாவிலும் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை ஓர் அட்டையில் ஒட்டித் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள். தரத் தயங்கினால் அங்கே யோசிக்க வேண்டும்.

‘லைஃப்டைம் கேரண்டி’ என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். பல கம்பெனிகள் தருகிற கேரண்டி அந்த உலோகத் துண்டுக்குத்தான். எலும்பு பிடிக்காமல் ஸ்குரூ வெளியே வந்தால் புது ஸ்குரூ கிடைக்கும். மறுபடி அறுவை செய்யும் கூலி, புது எலும்புத் தூள், புது கேப் யார் பொறுப்பு? எழுத்தில் கேளுங்கள்.

சர்க்கரையை மறைப்பது

இது விலைப்பட்டியலில் வராது, ஆனால் இரண்டாம் முறை செலவு வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. “சுகர் கொஞ்சூண்டுதானுங்க இருக்குது” என்று சொல்லிவிட்டு உட்காரும் ஆட்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஸ்குரூ எலும்போடு ஒட்டி ஒன்றாவதற்குக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதம் வரையும் ஆகும். அந்தக் காலத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறுவது தாமதப்படும், கிருமி சேரும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் தடை சொல்வதில்லை. 8-ஐத் தாண்டினால் பல டாக்டர்கள் தள்ளிப்போடச் சொல்வார்கள். பீடி, சிகரெட், புகையிலையும் அப்படித்தான்.

எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றில் சில, தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது.

இன்னும் சில

நான்கு பல் போயிருந்தால் விலையை நான்கால் பெருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்து மூன்று பல் போன இடத்தில் இரண்டு ஸ்குரூ இறக்கி மேலே மூன்று பல் பாலமாக வைக்கலாம். ஒரு தாடையில் எல்லாப் பல்லும் போனவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு ஸ்குரூவில் முழு வரிசையையும் நிறுத்துகிறார்கள். கழற்றி மாட்டும் பல் செட்டு ஆடாமல் இருக்கக் கீழ்த்தாடையில் இரண்டே ஸ்குரூ போதும் என்ற வழியும் உண்டு. வயதானவர்களுக்கு இது குறைந்த செலவில் பெரிய நிம்மதி.

பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் என்றாலே பழைய முறை என்று தள்ளிவிடுவதும் தவறு. இரண்டு பக்கத்துப் பல்லும் முழுசாக, ஆரோக்கியமாக இருந்தால் அவற்றைச் சீவிப் பிரிட்ஜ் போடுவது பாவம். அந்தப் பற்கள் ஏற்கெனவே கேப் கேட்கும் நிலையில் இருந்தால் பிரிட்ஜ்தான் மலிவு, சீக்கிரமும் முடியும்.

‘மூன்றே நாளில் பல்’ என்ற விளம்பரங்கள் முழுப் பொய்யில்லை. எலும்பு நன்றாக இருந்தால் உடனே பல் வைக்கும் முறைகள் இருக்கின்றன. எல்லோருக்கும் பொருந்தாது, அவ்வளவுதான்.

யார் செய்கிறார் என்றும் கேளுங்கள். சின்ன ஊர்களில் கிளினிக் ஒருவருடையதாக இருக்கும், அறுவை செய்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் எம்டிஎஸ் (பல் மருத்துவ மேற்படிப்பு) டாக்டராக இருப்பார். அதில் தவறில்லை, ஆனால் திங்கட்கிழமை கன்னம் வீங்கினால் யாரைக் கூப்பிடுவது? செலவு நிஜமாகவே முடியாது என்பவர்கள் கோவை, சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கமுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். மேற்படிப்பு மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், நடை மட்டும் அதிகம்.

நடை என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு எல்லாம் சேர்த்து ஏழு முறை போய்வர வேண்டியிருந்தது. பெருந்துறையிலிருந்து கோவைக்கு ஏழு முறை போவதென்றால் பஸ் காசும் போகும், ஏழு நாள் வேலையும் போகும். 50 ஆயிரம் சொன்ன ஈரோட்டு இடத்தையே நாங்கள் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பியும் இறங்க வேண்டாம். விபத்தில் போன பல் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை.

போட்ட பிறகு எவ்வளவு காலம் வரும்? ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர் 1965-இல் டைட்டானியம் ஸ்குரூ வைத்த முதல் நோயாளி நாற்பது வருடத்துக்கு மேல் அதோடு வாழ்ந்தார். சொத்தை இதற்கு வராது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறில் அழுக்குச் சேர்ந்தால் எலும்பு கரைந்து ஸ்குரூ ஆடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யும் செலவை முதல் நாளே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா இப்போது வலப்பக்கமும் கடலை மிட்டாய் கடிக்கிறார். ஸ்டிக்கர் அட்டை பீரோவில், போர் பில்லோடு சேர்ந்து இருக்கிறது. தோட்டத்துப் பக்கம் யாராவது, “மாமா, ஒரு பல்லுக்கு எவ்வளவுங்க ஆச்சு?” என்று கேட்டால் அவர் தொகையைச் சொல்வதில்லை. “உனக்குப் பல்லு புடுங்கி எத்தன வருசமாச்சு?” என்று திருப்பிக் கேட்கிறார்.